நீடாமங்கலம் கேட்

கேட் போட்டுவிட்டான்.
இனி இருபது நிமிஷம், இல்லை நாற்பது,
மன்னார்குடி வண்டிக்கு எஞ்சின் முன்னும் பின்னும்
மாறி முடிகிறவரை.
மணி பதினொன்று ஐந்து.
எனக்கு முன்னால் ஒரு நெல் லாரி,
பின்னால் யாருமில்லை, மாசிப் பனி.

அப்போதுதான் கண்ணாடியைத் தட்டினான்.
விரல் முட்டியால், இரண்டே தட்டு.
இடுப்பில் பிரம்புக்கூடை, ஈரத்துணி போட்டு மூடியது.
வாய் அசைந்தது, கேட்கவில்லை.
என் கை தானாகப் போய்
நான்கு கதவையும் பூட்டியது
அவனுக்குக் கேட்டிருக்கும்.

அந்தச் சத்தத்தை
நான் வெளியில் நின்று கேட்டிருக்கிறேன்.
ஜார்ஜியாவில், குட்டாய்சிக்குப் போகும் மலைச்சாலையில்,
கொட்டும் மழையில்,
மூன்று கார்கள் அப்படித்தான் பூட்டிக்கொண்டு போயின.
நாலாவது ஒரு தர்பூசணி லாரி.
ஓட்டியவளுக்கு மேல்வரிசையில் இரண்டு தங்கப் பல்.
எந்த ஊர் என்று கேட்கவில்லை, என்ன ஆட்கள் என்று கேட்கவில்லை
(கேட்டிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது),
மகனுடைய ஸ்வெட்டரை என் மடியில் எறிந்தாள்.

பயமில்லையா என்றால், இருந்தது.
முப்பது கிலோமீட்டர்
ஒரு கை கதவுப் பிடியிலேயே இருந்தது.
முப்பத்தோராவதில்
அதே கை ஒரு கீற்றுப் பழம் வாங்க நீண்டது.
அவ்வளவுதான் நடந்தது.
அதை வைத்துத்தான் பதினோரு நாடு போனேன்.

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில்
பயத்தை வீட்டில் விட்டுவிட்டுப் புறப்படுங்கள் என்று பேசினேன்.
எழுந்து நின்று கைதட்டினார்கள்.
பொன்னாடைக்குப் பதில் தென்னங்கன்று கொடுத்தார்கள்.
இன்னும் டிக்கியில்தான் கிடக்கிறது,
தண்ணீர் ஊற்றவில்லை.

மொழி தெரியாத ஊரில்
முதலில் ஆள்தான் தெரிவான்.
இங்கே ஆளுக்கு முன்னால்
சித்தப்பா அனுப்பிய வாட்ஸப் வந்து நிற்கிறது:
வடக்கேயிருந்து இறங்கியிருக்கிறார்கள், ஜாக்கிரதை,
கூடை வைத்திருப்பார்கள்,
பத்து பேருக்கு அனுப்பவும்.
நான் அனுப்பவில்லை.
அழிக்கவுமில்லை.

கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினேன்.
சேற்று வாசனைதான் முதலில் உள்ளே வந்தது.
"அம்மா, கொரடாச்சேரி.
வாத்து மேயுது அங்கே, ரெண்டாயிரம்.
மருந்துக்கு வந்தேன், பஸ்ஸு போயிந்தி."
துணியை விலக்கிக் காட்டினான்.
கழுத்து தொங்கிய ஒரு வாத்து
என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்தது,
இந்த வண்டி தேறுமா என்பதுபோல.

பேர் கொண்டய்யா. நெல்லூர்ப் பக்கம்.
அறுவடை முடிந்த வயலாகத் தேடி
முன்பின் தெரியாதவர் வரப்பில் படுத்து எழுந்து
இவ்வளவு தூரம்.
பூட்டைத் திறந்தேன்.
அவன் ஏறவில்லை.

நெல் லாரியைப் பார்த்தான், கேட்காரனைப் பார்த்தான்.
"தனியா இருக்கீங்க.
யாராச்சும் பார்த்தா என்னைத்தானே அடிப்பாங்க?
போன வருஷம் பிள்ளை பிடிக்கிறவன்னு
கட்டிப் போட்டாங்க, ஒரு ராத்திரி முழுக்க."
எந்த ஊரில் என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை;
சித்தப்பா ஊர் பேரை அவன் சொல்லிவிட்டால்?

ரயில் போனது. கேட் தூக்கினான்.
பின்னால் வந்து சேர்ந்த பஸ்காரன் ஹாரனில் ஏறி உட்கார்ந்தான்.
"ஏறுங்க" என்றேன்,
கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது.

முன் சீட்டின் நுனியில் உட்கார்ந்தான்,
மடியில் கூடை.
கோரையாற்றுப் பாலம் தாண்டும்போது பார்த்தேன்:
ஒரு கை வாத்தின் முதுகில்,
ஒரு கை கதவுப் பிடியில்.

இருபதைத் தாண்டினால்
தானாகப் பூட்டிக்கொள்ளும் கார் இது.
டக் என்றதும் அவன் தோள் இறுகியது.
நான் பொத்தானை அழுத்தித் திறந்துவிட்டேன்.
வேகத்தடை, குழி, மறுபடி வேகம்,
மறுபடி டக்,
மறுபடி திறந்தேன்.
கொரடாச்சேரி வரை பத்துத் தடவையாவது இருக்கும்.
கடைசிக் குழியில் வாத்து மட்டும்
கரகரத்த குரலில் ஏதோ சொன்னது.
அவன் தெலுங்கில் பதில் சொன்னான்.